வெயிலுக்கும் பட்டா கேட்கிறார்கள்

செம்மங்குப்பம் என்ற பெயர் 2025 ஜூலை 8ஆம் தேதிதான் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையில் உள்ள ரயில்வே கேட்டைத் தாண்டிய பள்ளிக்கூட வேன் மேல் விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மூன்று பிள்ளைகள் செத்துப்போனார்கள். அந்தச் சாவைச் சாதிக் கணக்கில் எழுத வரவில்லை. பிள்ளைகளின் சாவுக்கு அப்படிக் கணக்கு எழுதுகிறவன் மனுசன் இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு நிமிசம் நின்று பாருங்கள் தோழர்களே. தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. அந்தப் பாதை மின்மயமாகி வருசங்கள் ஆகின்றன. கீழே இருந்ததோ சிக்னலோடு பிணைக்கப்படாத கேட்டு. கேட்டு திறந்து கிடந்தாலும் ரயிலுக்குப் பச்சை விழும். ஸ்டேஷனிலிருந்து போனில் சொல்ல வேண்டும், ஒரு ஆள் கையால் மூட வேண்டும். மின்சாரம் ஊரின் தலைக்கு மேலே போனது. அந்த மின்சாரத்தால் ஊருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு பூட்டு தரைக்கு இறங்கி வரவில்லை.

இந்தக் கடலூர் - சிதம்பரம் பட்டைக்கே இதுதான் கதை. எண்பதுகளில் சிப்காட் வந்தது. உப்பனாற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், காரைக்காடு என்று வரிசையாக ஊர்கள். மருந்து, பூச்சிமருந்து, சாயம், பிளாஸ்டிக்குக்கான பி.வி.சி. என்று வரிசையாகக் கம்பெனிகள். வளர்ச்சி என்றார்கள், வேலை என்றார்கள். 2008இல் வெளிவந்த நீரி நிறுவனத்தின் ஆய்வு, இங்கே காற்றில் கலந்திருக்கும் நச்சு வாயுக்களால் இந்த சனங்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2000 மடங்கு அதிகம் என்றது. ஆய்வைச் செய்யச் சொன்னது வெளிநாட்டுக்காரன் அல்ல, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான்.

மேற்கே போனால் நெய்வேலி. 1956இல் தொடங்கிய நிறுவனம். பழுப்பு நிலக்கரி வெட்டி, எரித்து, தென்னாட்டுக்கே கரண்டு கொடுத்தது. நிலம் கொடுத்தவன் இன்றைக்கும் நிரந்தர வேலை கேட்டுப் போராடுகிறான். அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் அந்த நியாயத்துக்குள்ளேயே ஒரு குழி இருக்கிறது. 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் பரவனாற்று வாய்க்காலுக்காக, கதிர் வரப்போகிற பயிருக்குள் என்.எல்.சி. எந்திரத்தை இறக்கியது. நாடே பதறியது. உயர் நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தரச் சொன்னது. சரி. அந்த 40,000 யார் பெயருக்கு? நிலத்துக்காரர் பெயருக்கு. அந்த வயலில் நாற்றுப் பறித்தவள், நட்டவள், அறுப்பு வரும் என்று காத்திருந்தவள் எந்தப் பத்திரிகையின் எந்தப் பத்தியில் வந்தாள்? அவள் இழந்தது ஒரு போகத்துக் கூலி. அதற்கு இழப்பு என்று பெயரே கிடையாது. கடலூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியார். அதில் பாதிப் பேருக்கு மேல் நாற்றங்காலில் நிற்கிற கால்களாக இருப்பார்கள் என்று சொல்லப் புள்ளிவிவரம் வேண்டாம், விடிகாலையில் எந்தச் சேரி முனையிலும் வந்து நின்று பாருங்கள்.

இப்போது நிலக்கரி கெட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் கரண்டு எடுக்கப் போகிறோம் என்கிறார்கள். என்.எல்.சி.யே சோலார் பக்கம் வந்துவிட்டது. நல்லது. புகையை நெஞ்சில் வாங்கியவர்கள் என்ற முறையில், புகை ஒழிய வேண்டும் என்று சொல்ல நம்மைவிட யோக்கியதை உள்ளவன் யார்? வெயிலைப் பற்றியும் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இந்த நாட்டில் வெயிலில் அதிகம் நின்றவர்கள் நாம்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். வெயில் எல்லோருக்கும் பொது என்கிறீர்களே, அதை வாங்கி வைக்கிற கூரை யாருடையது? தரை யாருடையது?

முதலில் கூரையைப் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு ஒரு கோடி வீடுகளுக்கு மாடி சோலார் என்று அறிவித்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000. ஒரு கிலோவாட் வைக்க ஏறத்தாழ நூறு சதுர அடி நிழல் விழாத உறுதியான கூரை வேண்டும். வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். இரண்டும் சேரியில் எத்தனை பேருக்கு உண்டு? இருக்கிறவர்களுக்குத்தான் என்ன லாபம்? தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு பல்பு, ஒரு பேன், ஒரு டி.வி. உள்ள வீட்டுக்கு அதுவே போதும். பில் பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து எதைக் கழிப்பது? இந்தத் திட்டத்தில் மிச்சம் பிடிப்பவன் ஏ.சி. வைத்திருப்பவன். பெரிய வீட்டுக்குப் பெரிய மானியம், சின்ன வீட்டுக்குச் சின்ன மானியம், குடிசைக்குக் கும்பிடு. கரண்டை எவன் அதிகம் தின்றானோ அவனுக்கே அரசாங்கம் அதிகம் பரிமாறுகிறது. நமது பந்திகளில் பார்த்த வரிசை இது.

இதற்கு முன்னால் 2011இல் மாநில அரசு பசுமை வீடு கொண்டுவந்தது. 300 சதுர அடி, 1 லட்சத்து 80 ஆயிரம், அதில் 30,000 சோலாருக்கு, ஐந்து விளக்கு. அதைக் குறை சொல்ல மாட்டேன், கட்டியவர்கள் வீட்டில் சுவராவது நிற்கிறது. ஆனால் அதற்கும் முதல் கேள்வி பட்டா. சேரிக்கு மனை கொடுக்க 1978இல் தனிச் சட்டமே போட்டார்கள். நிலம் எடுத்தார்கள், பட்டா அடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். 'பட்டா இருக்குதுண்ணே, மனை எங்கேன்னுதான் தெரியல' என்கிற குரலைக் கேட்காத இயக்கத் தோழர் யாராவது இந்த மாவட்டத்தில் உண்டா? அளந்து கல் போடாத பட்டாவின் மேல் எந்தப் பேனலை மாட்டுவது?

அடுத்தது மோட்டார். 2019இல் சோலார் பம்புசெட் திட்டம் வந்தது. நமக்குக் கூடுதல் மானியமும் உண்டு என்கிறார்கள். நிலமும் கிணறும் இருந்தால்! இந்த இடத்தில் பழைய கணக்கு ஒன்றைத் திறக்காமல் போக முடியாது. 1990 முதல் தமிழ்நாட்டில் எல்லா விவசாய மோட்டாருக்கும் கரண்டு இலவசம். 20 லட்சத்துக்கும் மேல் இணைப்புகள். அதை ரத்து செய் என்று சொல்கிற உலக வங்கிக் கூட்டத்தோடு நமக்கு உறவில்லை. ஆனால் அந்த இலவசம் யாருக்குப் போனது என்று ஒரு நாளாவது பேசியிருக்கிறோமா? நிலம் வைத்திருப்பவன் மோட்டாருக்கு எத்தனை யூனிட் ஓடினாலும் இலவசம். அவன் வயலில் களை எடுக்கிறவளுக்கு நெடுங்காலம் கிடைத்தது ஒரு விளக்கு இணைப்பு. ஒரே ஒரு பல்பு. ஆண்டைக்கு ஆறு குதிரைசக்தி, அடியாளுக்கு நாற்பது வாட்!

பசுமைப் புரட்சி என்று முதலில் ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? மோட்டாரும் உரமும் புது விதையும் வந்து விளைச்சல் பெருகியது. பெருகியதில் அரைப்படி கூலி அதிகம் கேட்டார்கள் கீழ்வெண்மணியில். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். இப்போது இரண்டாவது பசுமை வருகிறது. இதில் பெருகப் போகும் காசில் நம்முடைய படி எத்தனை என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

கூரையும் மோட்டாரும் சின்ன விசயம். பெரிய விசயம் தரை. ஒரு மெகாவாட் சோலாருக்கு நாலிலிருந்து ஐந்து ஏக்கர் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் அதானி கம்பெனி 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் திறந்தது. ஒரே இடத்தில் உலகத்திலேயே பெரியது என்று அப்போது மேளம் கொட்டினார்கள். யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா கொடுத்து வாங்குவதாகத் தமிழ்நாட்டு மின்வாரியம் ஒப்பந்தம் போட்டது. அந்தச் சீமை எப்படிப்பட்டது? வானம் பார்த்த பூமி. சீமைக்கருவேலை வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுத்துப் பிழைக்கிற கூலி சனங்கள் உள்ள பூமி. ஆடு மேய்ந்த பூமி. ரெக்கார்டில் அதற்குப் பெயர் 'தரிசு'. தரிசு என்றால் என்ன? பட்டாதாரருக்கு வருமானம் இல்லாத நிலம் என்று பொருள். பட்டா இல்லாதவன் அதில் விறகு பொறுக்கினான், ஆடு மேய்த்தான் என்பது ரெக்கார்டில் ஏறாது. ஆகவே கம்பெனிக்காரன் வேலி போட்டால் யாருக்கும் நட்டம் இல்லை என்றாகிவிடும்.

இதில் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது பாருங்கள். ஒரு கெமிக்கல் ஆலை வர வேண்டும் என்றால் கருத்துக்கேட்புக் கூட்டமாவது உண்டு. அது நாடகம்தான், போலீசை நிறுத்தி நடத்துவார்கள், ஆனாலும் மைக்கைப் பிடுங்கி நாலு வார்த்தை பேசலாம். சோலாருக்கு அதுவும் கிடையாது. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குள் அது வராது. 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம், மூன்று வருசமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக் குடும்பத்தையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஒப்புக்கொண்டது. போராடி வாங்கிய வரி அது. ஆனால் கம்பெனி நேரே புரோக்கரை வைத்து விலைபேசி வாங்கினால் அந்தச் சட்டம் பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடுகிறது. சோலாருக்கும் காற்றாலைக்கும் நிலம் பெரிதும் இப்படித்தான் கை மாறுகிறது.

'விற்கத்தானே வேண்டாம், வாடகைக்கு விட்டால் விவசாயிக்கு நல்லதுதானே?' என்று படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்கள் காட்டும் உதாரணம் கர்நாடகத்தில் பாவகடா. சுமார் 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட், 2019 முடிவில் முழுதாக ஓடியது. நிலத்தை வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருசம் 21,000 ரூபாய், இரண்டு வருசத்துக்கு ஒரு முறை ஏற்றம். மழை பொய்த்த ஊரில் இது பெரிய காசு, மறுக்கவில்லை. பத்து ஏக்கர்க்காரன் உழாமல் விதைக்காமல் 2 லட்சத்துக்கு மேல் வாங்குகிறான். அவன் வயலில் கடலை பிடுங்கியவனுக்கு என்ன வாடகை? அவன் கைக்கு யார் குத்தகைப் பத்திரம் எழுதினார்கள்? முன்பு ஆண்டைக்காவது ஆள் தேவைப்பட்டது. ஆள் தேவைப்பட்டதால்தான் கூலிக்குச் சண்டை போட முடிந்தது, வேலை நிறுத்தம் என்று ஒரு ஆயுதம் இருந்தது. பேனல் விளையும் வயலில் களை எடுக்க ஆள் வேண்டாம். தூசி துடைக்க நாலு பேர், கேட்டில் வாட்ச்மேன் இரண்டு பேர். இதைத்தான் கிராம சமூகம் பலன் பெற்றது என்று அறிக்கை எழுதுகிறார்கள். கிராம சமூகமாம்! 'கிராமம்' என்று ஒன்று கிடையாது தோழர்களே. ஊர் என்று ஒன்று, சேரி என்று ஒன்று. கிராமத்துக்குக் கொடுத்தோம் என்று எவன் சொன்னாலும், எந்தத் தெருவில் கொடுத்தாய் என்று கேளுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலில் இந்த மாவட்டத்துக் கம்பமெல்லாம் சாய்ந்ததே, ஊர்த்தெருவில் விளக்கு எரிந்த பிறகு சேரியில் எரிய எத்தனை ராத்திரி ஆனது என்று அந்தந்த ஊர்க் கிழவிகளைக் கேளுங்கள்.

காற்றாலைக் கதை இன்னும் பழசு. தொண்ணூறுகளில் காற்றாலை போட்ட கம்பெனிக்கு முதல் வருசமே நூறு சதவீதம் தேய்மானக் கழிவு கொடுத்தது வருமான வரிச் சட்டம். வரி மிச்சம் பிடிக்க கோவை, திருப்பூர் மில்காரர்கள் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் றெக்கை நட்டார்கள். காற்று அந்த ஊருடையது, கரண்டு மில்லுடையது.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். மின்சாரம் அவர் கையில் இருந்த துறைகளில் ஒன்று. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவின் கூட்டத்தில் தலைமை உரை ஆற்றியபோது அவர் எடுத்துக்கொண்ட முதல் விசயங்களில் ஒன்று, மின்சாரத்தின் உடைமை தனியாரிடமா, அரசிடமா என்பது. எத்தனை பல்பு என்பது அல்ல. 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் அடிப்படைத் தொழில்களும் நிலமும் அரசுடைமையாக வேண்டும், நிலத்தைச் சாதி பாராமல் கூட்டாகப் பயிரிட வேண்டும் என்றார். சிலைக்கு மாலை போடுகிற கட்சிகள் அந்த நூலைத் திறப்பதில்லை. நம்மவர்களும் இட ஒதுக்கீட்டுப் பக்கத்தோடு மூடிவிடுகிறோம். சோலார், காற்றாலை விசயத்திலும் அவர் கேட்ட அதே கேள்விதான் நம்முடையது. எங்களுக்கு விளக்கு வேண்டாம், உடைமையில் பங்கு வேண்டும்.

இது ஆகாத காரியம் என்பவர்களுக்கு ஒரு உதாரணம். கோவை மாவட்டம் ஓடந்துறை பஞ்சாயத்து 2006இல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம். பெரும்பகுதி வங்கிக் கடன். ஊரின் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள், கடனையும் அடைத்தார்கள். டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் கடலில் 2000ஆம் ஆண்டு நட்ட 20 காற்றாலையில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண சனங்கள் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம். புதுக் காற்றாலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்று அந்த நாட்டில் 2008இல் சட்டமே போட்டார்கள், சில வருசம் நடப்பில் இருந்தது. ஆக, பங்கு கேட்பது பைத்தியக்காரத்தனம் அல்ல.

ஆனால் ஓடந்துறையைக் காட்டி, 'பஞ்சாயத்திடம் கொடுத்தால் போதும்' என்று முடித்துக்கொள்கிறவர்கள் நம்ம மாவட்டத்துத் தெற்குத் திட்டைக்கு வர வேண்டும். சிதம்பரத்திலிருந்து கூப்பிடு தூரம். 2020இல் அந்தப் பஞ்சாயத்தின் தலைவரான நம் சகோதரி கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். உறுப்பினர்கள் நாற்காலியில். படம் வெளியே வந்த பிறகுதான் வழக்கு, கைது, சஸ்பெண்ட் எல்லாம். மேலவளவில் 1997இல் முருகேசனையும் ஐந்து தோழர்களையும் வெட்டியது பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலிக்காகத்தான். நாற்காலியே கொடுக்காதவன் காற்றாலையின் கணக்குப் புத்தகத்தைக் கொடுப்பானா? ஆகவே பஞ்சாயத்துக்குப் பங்கு என்று கேட்கும்போதே, சேரிக்குத் தனிப் பங்கு, தனிக் கூட்டுறவு, தனி வங்கிக் கணக்கு என்று பிரித்துத்தான் கேட்க வேண்டும். பிரிவினை பேசுகிறான் என்பார்கள். பிரித்தது யார்?

அதற்குத் தரை எங்கே? இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைப் பார்த்து, வெள்ளைக்கார அரசு 1892 செப்டம்பர் 30இல் போட்ட ஆணை எண் 1010. அதன்படி ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்பது நாம் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. முதல் பத்து வருசம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம்மவர் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது. அது யார் யார் வீட்டுத் தோப்பாக, யார் யார் கல்லூரியாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் சுடப்பட்டுச் செத்தார்கள். இப்போது தரிசுக்கு விலை வந்துவிட்டது. மீட்காமல் விட்ட பஞ்சமித் தரிசு எந்தப் பினாமி பெயரில் எந்த கம்பெனிக்கு எழுதப்படுகிறது என்று நாம் பார்க்கத் தவறினால், இன்னும் இருபத்தைந்து வருசத்துக்கு அது வேலிக்குள் போய்விடும்.

கணக்கையும் போட்டே பார்ப்போம், வெறும் கோசம் என்று சொல்லக் கூடாது. ஐந்து ஏக்கர் பஞ்சமி நிலத்தை மீட்டு ஒரு மெகாவாட் போட்டால் வருசத்துக்கு ஏறத்தாழ 15 லட்சம் யூனிட். 3 ரூபாய் என்று குறைத்தே வைப்போம், 45 லட்சம். போட ஆகும் செலவு சுமார் 4 கோடி. முழுக்கக் கடன் வாங்கினால் 9 வட்டிக்கு முதல் வருசம் 36 லட்சம் வட்டியே தின்றுவிடும். பராமரிப்பு, இன்சூரன்ஸ் போக அசலைத் தொட ஒன்றும் மிஞ்சாது. 2019 திட்டத்தில் கூட்டுறவுகளும் பஞ்சாயத்துகளும்கூடத் தரிசில் 2 மெகாவாட் வரை போடலாம் என்று எழுதினார்களே, அது சேரியில் ஏன் முளைக்கவில்லை என்பதற்கு இதுவே காரணம். கையில் முதல் இல்லாதவனுக்கு அனுமதி மட்டும் கொடுப்பது, கோயில் கதவைத் திறந்துவிட்டு வாசலில் அக்கினி வளர்ப்பது மாதிரி. நந்தனைச் சோதியில் கலக்க விட்ட சிதம்பரத்துக்காரர்களுக்கு இந்த வித்தை புதுசல்ல.

முதலும் இருக்கிறது. எழுபதுகளின் கடைசியிலிருந்து நம் பெயரில் உட்கூறுத் திட்டம் என்று பணம் ஒதுக்குகிறார்கள். ஒதுக்கியதைத் திருப்பிவிடுவது அரசுகளின் வழக்கம். 2023இல் அந்த நிதியில் 1,540 கோடியை மகளிர் உரிமைத் தொகைக்குக் கொண்டுபோவது ஏன் என்று தேசிய பட்டியல் சாதியினர் ஆணையமே விளக்கம் கேட்டது. 2024இல் மாநில அரசு இதற்கென்று சட்டமும் இயற்றியது. 1,540 கோடியில் 4 கோடி எத்தனை முறை போகும் என்று வகுத்துப் பாருங்கள். பாதியை மானியமாகவும் பாதியைக் கடனாகவும் கொடுத்தால் எழுநூறுக்கும் மேற்பட்ட சேரிகள் கரண்டு விற்கும். தாட்கோ ஆட்டோ லோன் கொடுத்தது போதும்.

சூழலியல் நண்பர்களுக்கு ஒன்று. நீங்கள் நிலக்கரி ஒழிக என்று எழுதும் போஸ்டரில் எங்கள் கையெழுத்தும் உண்டு. எங்கள் நில மீட்பு போஸ்டரில் உங்கள் கையெழுத்தை மட்டும் நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. சிவப்புத் தோழர்களுக்கும் ஒன்று. விவசாயி, விவசாயி என்று வளையமாதேவியில் முழங்கினீர்கள். விவசாயக் கூலி என்று ஒரு சொல் உங்கள் அகராதியிலேயே இருக்கிறது, அதையும் சேர்த்து முழங்குங்கள்.

மாணவத் தோழர்கள் இந்த லீவிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கும். அதில் பஞ்சமி, டி.சி. நிபந்தனை என்று உள்ள சர்வே எண்களை எழுதிக் கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் 10 ரூபாய்க்கு ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா ஆபீசுக்கு மனு போடுங்கள். அந்த எண்களுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, கடைசி பத்து வருசத்தில் யார் பெயருக்கு மாறியது என்று பாருங்கள். கம்பெனி பெயரோ, ஊருக்குச் சம்பந்தமில்லாத பவர் ஏஜென்ட் பெயரோ வந்தால், அடுத்த கிராம சபையில் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் நகலில் தேதியும் நேரமும் போட்டு, கூட இருந்த ஐந்து பேர் கையெழுத்தோடு கலெக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். செம்மங்குப்பத்திலிருந்து சிதம்பரம் வரை உள்ள ஊர்களின் எண்களை முதலில் எடுப்போம்.